ஆட்டம் நின்றால் போதுமா?

பழுது பார்க்கும் உரிமைக்கு இது நல்ல காலம். ஒரு கருவியைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மதிப்பெண் போட்டு ஒட்டும்படி 2021-இல் பிரான்ஸ் சில பொருள்களுக்குக் கட்டாயமாக்கியது. 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் மின்னணுக் கருவிகளுக்கான பழுதுரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதே மாதம் இந்திய நுகர்வோர் துறையும் இதற்கென்று ஓர் இணையவாசலைத் திறந்தது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நெறிமுறை, மின்கலம் பொருத்திய இலகு வாகனங்களையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வாங்கு, தூக்கி எறி, மறுபடி வாங்கு என்ற வியாபாரச் சுழலுக்கு எதிராக இப்படி ஒரு குரல் எழுந்ததில் மனசாட்சி உள்ள யாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு நல்ல கொள்கை பரவும்போது, அதன் நிழலில் சில கெட்ட பழக்கங்களும் வந்து ஒதுங்கிக்கொள்ளும். எலெக்ட்ரிக் யூனிசைக்கிள் எனப்படும் ஒற்றைச் சக்கர மின்வண்டியை ஓட்டுபவர்களிடையே அப்படி ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பெடல் தேய்ந்து ஆட்டம் கண்டால், அதைப் பிடித்திருக்கும் எஃகுப் பின்னைச் சுற்றித் தகரம் வைத்தோ, துளைக்குள் எபாக்சி அப்பியோ ஆட்டத்தை நிறுத்திவிடுவது. பிறகு அதைச் சிக்கனம் என்றும் கைத்திறன் என்றும் பூமிக்குச் செய்த நன்மை என்றும் பாராட்டிக்கொள்வது. இந்தப் பாராட்டு தவறானது என்பதே என் வாதம். அங்கே நடப்பது பழுதின் வாயை அடைக்கும் வேலை. அதற்குப் பழுது பார்த்தல் என்று பெயர் சூட்டக் கூடாது.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்வோம். பெடலின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்புத் தாள் வழுவழுப்பானால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். அதை வீட்டில் செய்வதே நியாயம். காலணியைப் பற்றிப் பிடிக்கும் சிறு முள் திருகுகள் மழுங்கினால் மாற்றலாம். பெடலை மடித்தால் மேலேயே நிறுத்திவைக்கும் காந்தமோ ஸ்பிரிங்கோ கழன்றால் திரும்பப் பொருத்தலாம். பின்னைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் போடுவதை ஒவ்வொரு ஓட்டுநரும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பின் தேய்ந்திருந்தால் அதே அளவில் புதுப் பின் போடுவதிலும் தவறே இல்லை. இவையெல்லாம் தேயட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று வைக்கப்பட்ட உறுப்புகள். என் மறுப்பு இவற்றைப் பற்றியது அல்ல. பெடலும் அதைத் தாங்கும் கையும் சேரும் கீல் இருக்கிறதே, அங்கே வார்ப்பு உலோகமே தேய்ந்துபோன பிறகு செய்யப்படும் ஒப்பனையைப் பற்றியது.

அந்தக் கீலின் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வண்டிக்குக் கைப்பிடி கிடையாது, இருக்கை பெரும்பாலும் கிடையாது, தனி பிரேக்கும் கிடையாது. சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார். அதன் அச்சோடு பிணைந்த உடற்கட்டிலிருந்து இரு பக்கமும் ஒரு தாங்கி கீழே இறங்குகிறது. தாங்கியின் அடியில் இரண்டு காதுகள். காதுகளுக்கு நடுவில் பெடல். மூன்றையும் ஊடுருவி முன்பின்னாக ஓர் எஃகுப் பின். பெடலைக் கீழே இறக்கினால் அதன் உள்விளிம்பு தாங்கியில் உள்ள ஒரு முட்டில் போய் உட்காரும். அதற்கு மேல் அது சாயாது. ஓட்டுபவரின் முழு எடையும், முன்னே சாய்ந்து வேகமெடுப்பதும், குதிகாலை அழுத்தி நிறுத்துவதும் பக்கத்துக்கு ஒரு பின், ஒரு முட்டு வழியாகத்தான் வண்டிக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு கணக்குக்கு, 80 கிலோ எடையுள்ளவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெடலுக்கு 40 கிலோ. பாதத்தின் நடு பின்னிலிருந்து 6 செ.மீ. தள்ளியும், முட்டு பின்னிலிருந்து 2 செ.மீ. தள்ளியும் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி முட்டின் மேல் விழுவது 120 கிலோ. அந்த விசையை எதிர்த்துப் பிடிக்க வேண்டியது பின்னும் காதுகளும். இது அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், ஒரு படியிலிருந்து இறங்கினால், நொடியில் இது இரண்டு மூன்று மடங்காகும்.

தேய்மானம் இங்கேதான் தொடங்குகிறது. பின் எஃகு, பெடலும் தாங்கியும் பெரும்பாலும் அலுமினியக் கலவை அல்லது மக்னீசியக் கலவை. கடினமானதும் மென்மையானதும் உரசினால் எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணலும் மழைநீரும் உள்ளே புகுந்தால் உரசல் அரம் போட்டது போல் ஆகிறது. பின்னின் இரு முனைகளிலும் கரிய சேறு போல ஒன்று பிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். அது வெறும் அழுக்கு அல்ல. கிரீஸோடு குழைந்த உலோகப் பொடி. நேற்றுவரை காதின் சுவராக இருந்தது. முட்டின் மேல் வண்ணப்பூச்சு போய் ஒரு சிறு வட்டம் பளபளக்கும். வட்டமாக இருந்த துளை மெல்ல மெல்ல முட்டை வடிவத்துக்கு வரும். இதில் அளவு மிகச் சிறியது, விளைவு பெரியது. 2 செ.மீ. தள்ளியிருக்கும் முட்டில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால், 12 செ.மீ. தள்ளியிருக்கும் பெடலின் வெளிவிளிம்பு 3 மி.மீ. தாழ்ந்துவிடும். பாதம் வெளிப்பக்கமாக வழுக்கப் பார்க்கும். வேகமெடுப்பதிலிருந்து நிறுத்துவதற்கு மாறும் ஒவ்வொரு முறையும் பாதத்தின் கீழே ‘டக்’ என்று ஓர் ஓசை கேட்கும். ஓட்டுபவருக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்த இடத்தில்தான் இந்த ஒப்பனை வேலை பிறக்கிறது.

ஒப்பனைக்குப் பல வகை உண்டு. குளிர்பானக் குவளையின் தகட்டைப் பட்டையாக வெட்டிப் பின்னைச் சுற்றி வைப்பது ஒன்று. நம் ஊர்ப் பட்டறைகளில் இதைத்தான் பேக்கிங் கொடுப்பது என்பார்கள். பித்தளைத் தகடு செருகுவது இன்னொன்று. துளையை எபாக்சியால் நிரப்பி, பின்னுக்கு மெழுகு தடவிச் செருகி, பசை இறுகியதும் பின்னை உருவி எடுப்பது மூன்றாவது. முட்டின் மேல் ஒரு திருகோ தகடோ ஒட்டிச் சாய்வைச் சரிக்கட்டுவது நான்காவது. இவை எல்லாம் ஒரே ஒரு பொருளைத்தான் திரும்பத் தருகின்றன: பொருத்தம். போன உலோகத்தைத் தருவதில்லை. போன வலிமையைத் தருவதில்லை. விறைப்பு என்ற கணக்கில் எஃகுக்கு 200 கிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70, மக்னீசியத்துக்கு 45. எபாக்சிக்கோ ஒற்றை இலக்கம். இரண்டு பொருள் சேர்ந்து சுமை தூக்கினால், விறைப்பானதே சுமையில் பெரும்பங்கை ஏற்கும் என்பது இயற்பியல். எனவே பசை கொஞ்ச காலம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அடி மேல் அடி விழும்போது பொடியும். குவளைத் தகட்டின் கதை இன்னும் வெளிப்படையானது. அதன் கனம் சுமார் 0.1 மி.மீ. முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று சுற்றிக்கொண்டே போகிறவர், தன் கையாலேயே ஒரு கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்று சுற்று வைக்க இடம் கிடைத்தது என்றால் அந்த அளவுக்கு உலோகம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கணக்கை எழுதுகிறவரே படிக்க மறுக்கிறார்.

இப்போது என் முதன்மையான மறுப்புக்கு வருகிறேன். அந்த ‘டக்’ ஓசையை ஒரு தொல்லையாக நினைப்பதுதான் எல்லாத் தவற்றுக்கும் வேர். சந்தையில் மண்பானை வாங்குகிறவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கணீர் என்றால் நல்ல பானை. சத்தம் செத்துக் கேட்டால் எங்கோ கீறல். ரயில் நிலையங்களில் நீண்ட சுத்தியலோடு சக்கரம் சக்கரமாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போகும் ஊழியர்களும் அதே அறிவைத்தான் தொழிலாகச் செய்தார்கள். உலோகத்துக்குப் பேச்சு கிடையாது. அதிர்வும் ஓசையும் ஆட்டமும்தான் அதன் வாய். பெடலின் ஆட்டம் என்பது, ‘என் சுவர் மெலிந்துகொண்டே வருகிறது’ என்று அந்தக் காது சொல்லும் செய்தி. பேக்கிங் அந்தச் செய்தியை அழித்துவிடுகிறது. செய்திக்குக் காரணமான மெலிவை அப்படியே விட்டுவிடுகிறது. காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுக்காமல் வெப்பமானியை உடைத்துப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதிலும் இந்த வண்டிக்கு வேறு காவலர் யாரும் இல்லை. வண்டிக்குள் மானி உண்டு, அது சாய்வை அளக்கும். மென்பொருள் உண்டு, அது மின்கலத்தின் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் பார்க்கும். சிங்கப்பூர் கட்டாயமாக்கிய யுஎல்2272 சான்றிதழ் மின்னமைப்பின் தீ ஆபத்தைப் பார்க்கும். ஐரோப்பிய நெறிமுறையின் பட்டியலில் இந்த வகை வண்டி ஏறியதும் மின்கலத்தின் பெயரால்தான். பெடல் காதின் சுவர் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று பார்க்க ஓர் உணரியும் இல்லை. இருந்த ஒரே காவலர் அந்த ஆட்டம். அவரையும் பசை வைத்து ஊமையாக்கிவிட்டால் மிச்சம் இருப்பது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

மெலிவது மட்டும் என்றால்கூடப் பொறுக்கலாம். உலோகம் மெலிந்து மெலிந்து ஒருநாள் வளைந்து, நமக்கு நேரம் கொடுத்து உடைவதில்லை. திரும்பத் திரும்ப விழும் சிறு சுமைகளால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உள்ளேயே வளர்ந்து, ஒரு சாதாரண நாளில், ஒரு சாதாரணப் பள்ளத்தில் பட்டென்று விட்டுப்போகும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்து, பெட்டிகள் மேலே மேலே ஏறித் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே இதைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்கள். மறு ஆண்டே ராங்கின் என்ற பொறியாளர், முறிந்த அச்சுகளில் விரிசல் எங்கிருந்து கிளம்புகிறது என்று எழுதினார். பின்னர் பிரஷ்யாவில் வோலர் என்பவர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரு தகட்டில் வட்டத் துளை இருந்தாலே அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898-இல் கிர்ஷ் காட்டினார். துளைக்குப் பதில் கூரிய கீறல் இருந்தால் அது இன்னும் எவ்வளவோ ஏறும் என்று 1913-இல் இங்லிஸ் காட்டினார். இனி நம் ஒப்பனைக்காரரின் மேசைக்கு வாருங்கள். பசை நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று அவர் துளையின் உள்சுவரை அரத்தாலும் உப்புத்தாளாலும் கீறிவிடுகிறார். எந்த இடத்தில் ஒரு கீறலும் இருக்கக் கூடாது என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியல் சொல்லிவருகிறதோ, அதே இடத்தில் கீறல் போட்டு, அதன் மேல் பசையை அப்பி மூடுகிறார். இனி விரிசல் கிளம்பினாலும் கண்ணுக்குத் தெரியாது.

மக்னீசிய வார்ப்பாக இருந்தால் தீங்கு இரட்டிப்பு. பொறியியலில் புழங்கும் உலோகங்களில் மிக எளிதாக அரிபடுவது மக்னீசியம். அதோடு பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ தொட்டுக்கொண்டிருந்து, நடுவில் உப்புநீரோ மழைநீரோ சேர்ந்தால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி, மக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். தாங்கியை வடிவமைத்தவர் இதற்காகத்தான் பூச்சும் கிரீஸும் வைத்தார். ‘பித்தளை நல்ல தாங்குபொருள்’ என்று எங்கோ கேட்டதை நம்பி, பூச்சைச் சுரண்டிவிட்டுப் பித்தளைத் தகடு செருகுகிறவர், அரிப்புக்கு வாசல் திறந்து வைக்கிறார். சில காலம் கழித்துப் பின்னின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மக்னீசியத்தை அரம் போட்டால் விழும் பொடி தீப்பற்றக்கூடியது. பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் மூர்க்கமாகும். தன் பெடல் எந்த உலோகம் என்றே தெரியாமல் சமையலறை மேசையில் அரத்தை எடுப்பது கைத்திறன் ஆகாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் அனுபவத்தின் பெயரால் வருகிறது: தகரம் வைத்த பெடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. உடையாத பெடலின் சாட்சி இது. உடைந்த பெடலுக்குச் சாட்சி சொல்லப் பெரும்பாலும் யாரும் முன்வருவதில்லை, சொன்னாலும் ‘பள்ளம் பெரிது’, ‘வேகம் அதிகம்’ என்று பழி வேறு எங்கோ போய்விடுகிறது. அதைவிட முக்கியமானது, சோர்வால் உடையும் உலோகத்தைப் பொறுத்தவரை நேற்றுவரை உடையவில்லை என்பது நாளைக்கு உறுதிமொழி ஆகாது. நேற்றுவரை விழுந்த ஒவ்வொரு சுமையும் நாளைய ஆயுளிலிருந்து கழிக்கப்பட்டது. 1954 ஜனவரியில் இத்தாலியின் எல்பா தீவருகே வானிலேயே சிதறிய காமெட் என்ற பயணிகள் விமானம் அதற்கு முன் ஆயிரம் முறைக்கு மேல் பத்திரமாகப் பறந்திருந்தது. அந்தப் பத்திரமான பயணங்கள்தான் விரிசலை வளர்த்தன. எஃகுக்காவது ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழே சுமை இருந்தால் வெகுகாலம் தாங்கும். அலுமினியக் கலவைகளுக்கு அப்படி ஒரு தெளிவான எல்லைகூடக் கிடையாது. சுமை சிறிதாக இருந்தாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவது வாதம் வலுவானது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். ஆட்டத்தோடு ஓட்டுவதே ஆபத்து அல்லவா என்கிறார்கள். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு அசைவிலும் பின் சுத்தியல் மாதிரி காதின் சுவரை அடிக்கும். தேய்மானம் தேய்மானத்தை வளர்க்கும். அதோடு பாதம் சொல்வதும் வண்டி கேட்பதும் ஒரு கணம் தள்ளிப்போகும். சாய்வை வைத்தே ஓடும் வண்டிக்கு அது நல்லதல்ல. எனவே தகரம் வைத்தாவது இடைவெளியை அடைப்பது மேல் என்பது வாதம். முழுக்க உண்மை, ஒரு நிபந்தனையோடு: வீடு போய்ச் சேரும்வரை. நடுவழியில் குடையின் கம்பியை நூலால் கட்டிக்கொண்டு வீடு வருவதைப் போல, புது உறுப்பு வந்து சேரும்வரை மெதுவாக ஓட்ட அது உதவும். ஆனால் நடைமுறையில் நூல்கட்டே நிரந்தரமாகிவிடுகிறது. ஆட்டம் நின்றவுடன் அவசரமும் நின்றுவிடுகிறது. புது உறுப்புக்குச் சொல்லி அனுப்ப இருந்தவர் ‘இப்போதுதான் நன்றாக இருக்கிறதே’ என்று தள்ளிப்போடுகிறார். ஆபத்தைக் குறைக்கச் செய்தது என்று தொடங்கியது, ஆபத்தை மறக்கச் செய்ததாக முடிகிறது. ஆட்டத்தோடு ஓட்டுகிறவராவது பயந்து ஓட்டுவார். ஒப்பனை செய்தவர் பயமும் இல்லாமல் ஓட்டுவார்.

மூன்றாவது வாதத்தைச் சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். துளையை ரீமர் போட்டு வட்டமாக்கி, லேத்தில் கடைந்த வெண்கலப் புஷ்ஷை இறுக்கி அடித்தால் அது முறையான பொறியியல்தானே, லாரியிலிருந்து விமானம்வரை எல்லா இடத்திலும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆம், தகரத்தோடும் பசையோடும் ஒப்பிட்டால் இது மேலான வேலை. ஆனால் லாரியில் புஷ் போட வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்து, அதற்குப் போதிய சதை வைத்து வார்த்திருக்கிறார்கள். இந்தப் பெடல் காதில் அந்தச் சதை எங்கே? 20 மி.மீ. அகலக் காதில் 8 மி.மீ. துளை என்று வைத்துக்கொண்டால், இரு பக்கமும் 6 மி.மீ. சுவர். 1 மி.மீ. கனமுள்ள புஷ் போடத் துளையை 10 மி.மீ. ஆக்கினால் சுவர் 5 ஆகிறது. ஆறில் ஒரு பங்கு போயிற்று. துளை ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தால் மையம் காப்பாற்ற இன்னும் பெரிதாக்க வேண்டும். அதற்குள் இறுக்கி அடிக்கும் புஷ் அந்த மெலிந்த சுவரை எப்போதும் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வார்ப்புக்குள் ஏற்கெனவே ஒரு விரிசல் இருந்தால் அதைப் பிளக்கும். சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பூச்சின் மேல் கோடு கசிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை உண்டு. பற்றவைப்புத் தொழிலில் அது அன்றாடம் புழங்குவது. அந்தச் சோதனை செய்யாமல் புஷ் போடுவதையும் நான் ஒப்பமாட்டேன். இது கடுமையாகத் தோன்றலாம். இரண்டு கால்களுக்கும் கீழே வேறு ஆதாரமே இல்லாத வண்டிக்கு இந்தக் கடுமை தகும்.

அந்த வேறுபாட்டைத்தான் ஒப்பனையின் ஆதரவாளர்கள் மறந்துவிடுகிறார்கள். ‘சைக்கிள் பெடல் ஆடினால் நாம் சமாளித்து ஓட்டுவதில்லையா’ என்பது அவர்கள் அடிக்கடி தரும் உதாரணம். சைக்கிளில் பெடல் கழன்று விழுந்தால் இருக்கை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, இரண்டு சக்கரமும் உருண்டுகொண்டிருக்கும், பிரேக் பிடித்து நிற்கலாம். ஒற்றைச் சக்கரத்தில் பெடல் விட்டுப்போனால் அந்த நொடியிலேயே எல்லாம் முடிந்தது. ஒரு காலின் எடை முழுக்க மறுபக்கம் போக, வண்டி சாய, ஓட்டுபவர் அதே வேகத்தில் தரைக்குப் போகிறார். சைக்கிளை உதாரணம் காட்டுவதாக இருந்தால் அதன் காட்டர் பின்னைக் காட்டட்டும். நம் பழைய சைக்கிள்களில் கிராங்கையும் அச்சையும் பிணைத்து வைத்திருப்பது ஆப்பு வடிவிலான ஒரு மலிவான பின். தேய வேண்டியது அதுதான் என்று வடிவமைத்தவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார். ஆட்டம் வந்தால் கடைக்காரர் அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அடிப்பார். விலையுயர்ந்த கிராங்கும் அச்சும் பிழைத்துக்கொள்ளும். அதுதான் பழுது பார்க்கத்தக்க வடிவம். யூனிசைக்கிளில் இது தலைகீழாக இருக்கிறது: மலிவான எஃகுப் பின் பெரும்பாலும் அப்படியே இருக்க, விலையுயர்ந்த தாங்கியும் பெடலும் தேய்கின்றன.

எனவே ‘உதிரி உறுப்பு கிடைப்பதில்லை, என்ன செய்வது’ என்ற கடைசி வாதம் உண்மையான குறையைத்தான் சொல்கிறது. ஆனால் அதைத் தவறான வாசலில் கொண்டுபோய் வைக்கிறது. 2011-இல் ஷேன் சென் என்பவர் அமெரிக்காவில் சோலோவீல் என்ற பெயரில் இந்த வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் வேகம் மணிக்கு சுமார் 16 கி.மீ. இன்று சீனாவிலிருந்து வரும் பெரிய வண்டிகள் 70 கி.மீ.-ஐத் தாண்டுகின்றன, 2020-இல் வந்த வெட்டரன் ஷெர்மன் என்ற வண்டியின் எடை மட்டுமே 35 கிலோ. வேகம் நான்கு மடங்கானால் மோதலின் ஆற்றல் பதினாறு மடங்கு. மின்கலம் வளர்ந்தது, மோட்டார் வளர்ந்தது, அதிர்வுதாங்கிகூட வந்தது. கீல் மட்டும் பழைய தத்துவத்திலேயே நிற்கிறது. மாற்றத்தக்க புஷ் வைத்த காது, மாற்றத்தக்க முட்டு, தனியே விற்கப்படும் தாங்கி, ‘இவ்வளவுக்கு மேல் ஆட்டம் இருந்தால் ஓட்டாதே’ என்று கையேட்டில் ஓர் எண்: இவற்றைக் கேட்பதுதான் பழுது பார்க்கும் உரிமை. தகரத்தை வைத்துச் சமாளித்துவிட்டு அதைப் பெருமையாகப் பேசுகிற ஒவ்வொருவரும் தயாரிப்பாளரை அந்தக் கேள்வியிலிருந்து காப்பாற்றுகிறார். புகார் போகாத இடத்துக்குத் திருத்தம் வராது. ‘கிடைப்பதில்லை’ என்பது ஓர் உறுப்பை வலிமையானதாக ஆக்கிவிடாது. கிடைக்காவிட்டால் திறமையான லேத் பட்டறையில் அலுமினியக் கட்டியிலிருந்து முழுத் தாங்கியையே கடைந்து வாங்கலாம், அதுவும் முடியாவிட்டால் அந்த வண்டியின் ஓட்டக் காலம் முடிந்தது என்று ஏற்கலாம். மின்கலமும் மோட்டாரும் வேறு வேலைக்குப் பயன்படும். குப்பையைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறைக்கு அது போதும். அதற்காக முழங்காலையும் மணிக்கட்டையும் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஒற்றைச் சக்கர வண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை வண்டியை இரு முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து, பெடலின் வெளிவிளிம்பைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்னின் முனையில் கரிய சேறு இருந்தால் துடைக்கும் முன் அது எவ்வளவு என்று கவனியுங்கள். பின்னைக் கழற்றி, துளையின் ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துளை வட்டம் இழந்திருந்தால் அந்த உறுப்பை மாற்றுங்கள். ‘டக்’ என்று கேட்டால் ஓசையை நிறுத்த வழி தேடாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள்.